வரிசையில் நின்ற அம்மாள்

பேரம் பேசாமல் ஒரு சாமானை வாங்கிவிட்டால் பாலசிங்கத்தாருக்கு அன்றைக்குச் சோறு செமிக்காது. கொழும்பில் தகப்பனுடைய மொத்த வியாபாரக் கடையில், செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தவழ்ந்து, கல்லாப்பெட்டியைப் பிடித்து எழும்பி நடக்கப் பழகிய மனுசன். கடையை விற்றுப்போட்டு, புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஆளில்லாமல் கிடந்த சொந்த வீட்டுக்கு வெள்ளையடித்து வந்து குடியேறினார். அந்தக் குணமும் கூடவே வந்து குடியேறிவிட்டது. பஸ் கொண்டக்டரிடம் டிக்கெற் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட ஆள் தீவுப்பகுதியிலேயே அவர் ஒருவர்தான். குறைக்கமாட்டான் என்று தெரியும். கேட்காமல் விட்டால் பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்டது போல இருக்குமாம்.

நயினாதீவுக் கோயில் அம்மாளோடும் அவருக்கு அதே கொடுக்கல் வாங்கல்தான். முதலில் ஒரு தேங்காய், காரியம் முடிந்தால் ஒரு பட்டு என்று ஆசை காட்டுவார். அம்மாள் இதுவரை எதிர்ப்பேச்சுப் பேசாதபடியால் ஒவ்வொரு முறையும் தானே வென்றதாக அவருக்கு ஒரு நினைப்பு.

இந்த ஆனித் திருவிழாவுக்கு அவர் கொண்டுபோன காரியம் கொஞ்சம் பாரமானது. மகள் நிலாந்தினியின் கலியாணம்.

மாப்பிள்ளை லண்டன். ஊர்க்காரர், சாதகம் பொருந்திவிட்டது, சொந்தக் கடை வைத்திருக்கிறார். பாலசிங்கத்தார் விசாரித்த அளவில் குடியும் இல்லை. நிலாந்தினி யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் வேலை. அவள் அந்த மனுசனோடு வீடியோவில் சில தரம் கதைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒத்துவராது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், அவர் கேள்வியே கேட்கிறார் இல்லை, பதில் மட்டும்தான் சொல்லுகிறார் என்றாள். இது ஒரு குறையா? பாலசிங்கத்தாருக்கு விளங்கவில்லை. மூன்று மாதம் வீட்டில் இழுபறி. கடைசியில் தகப்பனும் மகளும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். கோயிலில் பூக்கட்டி வைத்துக் கேட்பது. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இரண்டையும் அம்மாளின் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் நிலாந்தினி மறுபேச்சில்லாமல் கழுத்தை நீட்டுவாள். சிவப்பு வந்தால் லண்டன் என்ற சொல்லே இனி வீட்டில் எழும்பக்கூடாது.

அன்றைக்கு விடிய, மகள் குளிக்கப் போன நேரத்தில், பாலசிங்கத்தார் இரண்டு பொட்டலத்துக்குள்ளும் வெள்ளைப்பூவையே வைத்துக் கட்டி மடியில் செருகிக்கொண்டார். களவு என்று அவர் நினைக்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் அம்மாளுக்கு ஆயிரம் வேலை, ஒன்றைக் குறைத்துக் கொடுத்தால் என்ன என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் குறிகட்டுவானுக்கு வந்து சேருமட்டும் அந்தப் பொட்டலங்கள் வயிற்றை உறுத்திக்கொண்டே இருந்தன.

குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் சொல்லி மாளாது. நயினாதீவுப் படகுக்கான வரிசை கடலோரத்திலிருந்து வளைந்து தேத்தண்ணிக்கடைகளையும் தாண்டிக் கிடந்தது. பக்கத்தில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கிற ஆட்கள் தவிட்டு மூட்டைகளிலும் பெட்டிகளிலும் குந்தியிருந்து, உந்தச் சனம் முடிந்தால்தான் எங்களுக்கு வழி என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே நிழல் என்று சொல்ல ஒரு காகம்கூட இல்லை. நிலாந்தினி அர்ச்சனைக் கூடையைப் பிடித்தபடி வரிசையில் நின்றாள்.

அவர்களுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி, மஞ்சள் சேலை உடுத்த ஒரு மனுசி தனியே நின்றா. ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். தோளில் ஒரு துணிப்பை. பாலசிங்கத்தார் அவவை முதலில் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது அந்த மனுசி வரிசையை விட்டு விலகி, கால் பின்ன, தேத்தண்ணிக்கடைப் பக்கம் போகப் பார்த்து, போக ஏலாமல் திரும்பி, பக்கத்தில் நின்ற ஆளின் தோளைப் பிடித்தா. அந்த ஆள் திடுக்கிட்டு விலகினார். மனுசி அடுத்த ஆளைப் பிடித்தா. வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. கை நடுங்கியது, பிறகு தோள் நடுங்கியது, கொண்டை அவிழ்ந்து கூந்தல் முதுகில் விழுந்தது.

அவ்வளவுதான். யாரோ ஒரு பெண்குரல், அம்மாள் வந்திட்டா என்றது.

தீவுப்பகுதியில் இது புதினமில்லை. திருவிழாக் காலத்தில் பக்தி முற்றிய ஆட்களுக்கு உரு வரும். அம்மாள் உடம்பில் இறங்கி ஆடுவா. அந்த நேரத்தில் ஆளைத் தொடக்கூடாது, மறிக்கக்கூடாது. கைகூப்பிக் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த முறை. ஒரு நொடிக்குள் மனுசியைச் சுற்றி வட்டம் விழுந்தது. அரோகரா எழும்பியது. ஒரு பெண் வேப்பிலைக் கொத்தை அவவின் கையில் திணித்தா. இன்னொருத்தி அவவின் தோளில் கிடந்த துணிப்பையைப் பக்குவமாகக் கழற்றி எடுத்து, அம்மாளுக்கு ஏன் பாரம் என்று, ஒரு பக்கமாக வைத்து அதன்மேல் இரண்டு செவ்வரத்தம்பூவும் வைத்தா. மனுசி அந்தப் பையை நோக்கிக் கையை நீட்டினா. அந்தப் பக்கம் நின்றவர்கள், அம்மாள் எங்களை ஆசீர்வதிக்கிறா என்று தலையைக் குனிந்தார்கள்.

பாலசிங்கத்தாருக்கு மனதுக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. மடியில் இருந்த பொட்டலங்களுக்கு வேலையே இல்லை. அம்மாள் நேரில் வந்து நிற்கிறா. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? பாவமும் இல்லை. மகளிடம் இடத்தை விடாதே என்று சொல்லிவிட்டு, கொழும்புக் கடைத்தெருவில் பழகிய முழங்கை வித்தையால் சனத்தைப் பிளந்து வட்டத்தின் முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

அவருக்கு முன்னால் ஏற்கனவே இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் காணி வழக்கு. ஒருத்திக்கு மகனின் கனடா அலுவல். மனுசி இப்போது சீமெந்துத் தரையில் குந்திவிட்டா. கண் மேலே சொருகியிருந்தது. பாலசிங்கத்தார் முழந்தாளிட்டு, வரிசையில் நிற்கிற மகளுக்கும் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து கேட்டார்.

"தாயே, என்ர பிள்ளைக்கு லண்டன் சம்பந்தம் பொருந்துமோ? ஓமெண்டால் ஒரு உத்தரவு தா."

மனுசி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தா.

பாலசிங்கத்தாரின் தகப்பன் புகையிலை விலை பேசுவது சால்வைக்குள்தான். இரண்டு வியாபாரியும் சால்வைக்குள்ளே கைகோத்து, விரலை நெரித்து நெரித்துத் தொகை சொல்லுவார்கள். கடைசியில் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் விலை முடிந்தது. அதற்குமேல் யாரும் வாய் திறக்கக்கூடாது. அந்தப் பிடியில் வளர்ந்த மனுசனுக்கு இந்தப் பிடி வேறு எப்படி விளங்கும்? நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தா. தலையும் மேலும் கீழுமாக ஆடியது. பாலசிங்கத்தாருக்கு மேனி சிலிர்த்துவிட்டது. உறுதி வேண்டும் என்று இன்னும் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அதே பிடி, அதே ஆட்டம். திரும்பி மகளைப் பார்த்தார். சனத்தின் தலைகளுக்கு மேலால் நிலாந்தினியின் முகம் தெரிந்தது. வெயிலில் சிவந்திருந்த முகம் வெளிறிப் போயிருந்தது. கேட்டதோ பிள்ளை என்று கூப்பிட்டார். கேட்டது அப்பா என்றாள். அவ்வளவு மெல்லச் சொன்ன சொல் அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது எப்படி என்று அவருக்குப் பிறகும் விளங்கவில்லை.

மடியிலிருந்து இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக் கசக்கி எறிந்தார். பிறகு அம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார்.

கால் குளிர்ந்து கிடந்தது.

ஆனி மாதத்து உச்சி வெயிலில், வெறுங்கால் சுடுகிற சீமெந்தில், அந்தக் கால் கிணற்றடிக் கல் போலக் குளிர்ந்து, வேர்வையில் வழுக்கியது. பாலசிங்கத்தாரின் கை அதிலேயே நின்றுவிட்டது. இந்தக் குளிர் அவருக்குத் தெரியும். வீட்டில் விட்டு வந்த மனைவி இராசேஸ்வரிக்குப் பதினைந்து வருசமாகச் சலரோகம், சீனி வியாதி. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தினால் அவவுக்கு இப்படித்தான் வரும். முதலில் நடுக்கம், பிறகு கதை குழறும், பிறகு யார் சொன்னாலும் கேளாத ஒரு மூர்க்கம், உடம்பு முழுதும் பச்சைத் தண்ணி போல வேர்வை. சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். குசினிக்குள் ஓடிப்போய்ச் சீனிப்போத்தலை எடுத்து வந்தவர் அவர். ஒரு தரம் இரண்டு தரமில்லை. வைத்தியர் அவரை உட்காரவைத்து, பிந்தினால் ஆள் தப்பாது என்று கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

அம்மாளாவது ஒன்றாவது. அவருக்கு முன்னால் ஒரு மனுசி செத்துக்கொண்டிருந்தா. சுற்றிவர நூறு பேர் கைகூப்பி நின்றார்கள். அவரும் கூப்பிக்கொண்டு நின்றவர்தான். சாகிற மனுசியிடம் கலியாணத்துக்கு உத்தரவு கேட்டிருக்கிறார். ஒரு தரமில்லை, மூன்று தரம்.

அந்த நேரத்திலும் அவருடைய மூளையின் ஒரு மூலை கணக்குப் பார்த்தது. இது வருத்தம், நோய் என்று வாயால் சொன்னால், அந்த உத்தரவும் போய்விடும். மகள் கேட்டது என்று சொல்லியாகிவிட்டது. யாராவது வேறு ஆள் கண்டுபிடிக்கமாட்டாரா? சுற்றிப் பார்த்தார். ஒருவருடைய முகத்திலும் சந்தேகம் இல்லை. எல்லாம் நல்ல முகங்கள். விரதம் இருந்து, குளித்து, திருநீறு பூசி வந்த முகங்கள். தெருவில் ஒருவன் தடுக்கி விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கி, தண்ணி கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் விடுகிற சனம்தான்.

முதலில் சின்னத் தொகையில் தொடங்கினார். பக்கத்தில் கற்பூரத்தட்டோடு நின்ற உருத்திராட்ச மாலைக்காரரின் காதில், அண்ணை, உது வருத்தம் போலக் கிடக்கு, சீனி இறங்கியிருக்கும் என்றார். அந்த மனுசன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மாளுக்கு முன்னாலை வாயைக் கழுவிப்போட்டுக் கதையும் என்று சொல்லி, அரோகராவை இன்னும் உரத்துச் சொன்னார்.

அந்தப் பேரம் படியவில்லை. பாலசிங்கத்தார் வியாபாரி. சனம் வாங்காத சரக்கை நீட்டிக்கொண்டு நிற்பது மடைத்தனம். வாங்குகிற சரக்குக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

"அம்மாள் இனிப்புக் கேக்கிறா. தேன் கேக்கிறா."

அந்தச் சரக்கு விலைபோனது மாதிரி அவருடைய ஆயுசில் ஒரு சரக்கும் விலைபோகவில்லை. அபிசேகத்துக்குக் கொண்டுவந்த தேன்போத்தல்கள் நாலு திசையிலிருந்தும் வந்தன. கற்கண்டு வந்தது, வாழைப்பழம் வந்தது, லட்டு வந்தது, சர்பத் வந்தது. பாலசிங்கத்தார் ஒரு போத்தலைத் திறந்து, வைத்தியர் சொல்லித் தந்தபடி விரலில் தேனைத் தோய்த்து மனுசியின் கடைவாய்க்குள் தடவினார். பல் கிட்டியிருந்தது. இன்னொரு தரம் தடவினார். தப்பிவிடுவா, இன்னும் கொஞ்சம் போனால் தப்பிவிடுவா என்று நினைத்தபோதுதான் அடுத்த அடி விழுந்தது.

தேன் கேட்ட அம்மாளைக் காண வரிசை முழுதும் கலைந்து வந்தது. நூறு பேர் இருந்த இடத்தில் ஐந்நூறு பேர். வட்டம் நெருங்கிக் காற்று நின்றுவிட்டது. அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, பக்தியோடு, சர்பத் பேணியை மனுசியின் வாயில் சரித்தது. அவவுக்குப் புரையேறியது. மூக்காலும் வந்தது. உடம்பு வில்லாக வளைந்து உதறியது. வலிப்பு. சனம் ஒரே குரலில் அரோகரா போட்டது. உருத்திராட்ச மாலைக்காரர் கற்பூரத்தை மனுசியின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பாலசிங்கத்தார் அந்தத் தட்டைத் தட்டிவிட்டார். நெருப்பு சீமெந்தில் சிதறியது.

அவர் விற்ற சரக்குத்தான். இனித் திருப்பி எடுக்க ஏலாது.

ஆனாலும் கத்தினார். இது அம்மாள் இல்லை, சலரோகம், சாகப்போறா, வழி விடுங்கோ என்று கத்தினார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உருத்திராட்ச மாலைக்காரர், சூடுபட்ட கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"உம்மட மகளுக்கு ஓமெண்டேக்கை அம்மாள். நீர் தேன் கேட்டேக்கையும் அம்மாள். எங்கட முறை வரேக்கை மட்டும் வருத்தமோ?"

யாரோ சிரித்தார்கள். யாரோ பாலசிங்கத்தாரின் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். விசரன், பைத்தியக்காரன் என்று ஒரு குரல். சந்தையில் ஒருவரிடமும் தோற்காத வாய் அவருடையது. அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தப் பதில் எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்றும் அவருக்குத் தெரியும். வரிசை கலைந்ததில் நிலாந்தினி கூடையோடு வட்டத்தின் விளிம்புக்குத் தள்ளுப்பட்டு வந்து, தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சொன்னதும் அம்மாள் இல்லை" என்றார். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

அப்போதுதான் சனத்தை இடித்துக்கொண்டு ஒரு கனத்த மனுசி உள்ளே வந்தா. கழுத்தில் செபமாலை, கையில் மாட்டுக் கயிறு. நெடுந்தீவு கிறேசம்மா. நெடுந்தீவுப் படகுக்குக் காத்துத் தவிட்டு மூட்டைமேல் இருந்தவ, தொடக்கத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவதான். வேதக்காரி. மற்றவர்களின் சாமி விசயத்தில் கை வைத்துப் பழி சுமக்கக்கூடாது என்று இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இப்போது பாலசிங்கத்தாரின் முகத்துக்கு நேரே குனிந்தா.

"அண்ணை, சாமியோ வருத்தமோ, ஒண்டைச் சொல்லும். சாமியெண்டால் நான் தொடமாட்டன்."

"வருத்தம்" என்றார்.

கிறேசம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மனுசியின் கால் பக்கம் போனா. பாலசிங்கத்தார் கக்கத்துக்குள் கை கொடுத்தார். உரு வந்த பெண்ணை ஒரு ஆம்பிளை தூக்குகிறான் என்று கூச்சல் எழும்பியது. முதுகில் ஒரு குத்து விழுந்தது. யார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிறேசம்மா பாரத்தோடு போகிற வழியெல்லாம், விலகுங்கோ, அடங்காத மாட்டையே இழுத்து வந்தவள் நான், உங்களை மிதிச்சுக்கொண்டும் போவன் என்று ஏசிக்கொண்டே போனா. நிலாந்தினி அர்ச்சனைக் கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, செவ்வரத்தம்பூ வைத்திருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வேறு ஒருவரும் வரவில்லை. பலர் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நெடுந்தீவுப் படகு ஊதிய சத்தம் கேட்டது. கிறேசம்மா ஒரு கெட்ட வார்த்தை சொன்னா. ஆனால் காலை விடவில்லை.

திருவிழாவுக்கென்று போட்டிருந்த முதலுதவிக் கொட்டில் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அங்கே இருந்த தாதி கஜாலினி மனுசியின் விரலில் குத்தி மெசினைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தாள். நரம்பில் ஊசி ஏற்றி, குளுக்கோசைத் தள்ளிக்கொண்டே அம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னாள். வேலை ஓய்ந்தபோது, அரோகராச் சத்தம் எனக்கும் கேட்டது, வழக்கமாக வாற உரு எண்டு நினைச்சன் என்று, யாரையும் பாராமல் சொன்னாள்.

மனுசி கண் திறந்தா. பெயர் இராசமணி, ஊர் புளியங்கூடல் என்று சொல்ல வாய் வந்தது. காலை ஊசி போட்டவ. கோயிலுக்குத்தானே என்று சாப்பிடாமல் வெளிக்கிட்டவ. நிலாந்தினி துணிப்பையைப் பக்கத்தில் வைத்தாள். இராசமணி அதைத் தொட்டுப் பார்த்தா. திறக்கச் சொன்னா. உள்ளே, எல்லாவற்றுக்கும் மேலே, பிரிக்காத இனிப்புப் பக்கற் ஒன்று.

"சீனி இறங்கினால் உடனை போட எண்டு கொண்டுவந்தனான்" என்றா இராசமணி. குரல் மெலிந்திருந்தாலும் சொற்கள் தெளிவாகவே வந்தன. "பையைத் தாங்கோ எண்டு கேக்க நாக்குப் பிரளேல்லை. கையை நீட்டினன். கும்பிட்டினம். ஒராள் காணி எண்டார், ஒராள் கனடா எண்டா. எல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தது. நீர்தான் மூண்டு தரம் கேட்டனீர்."

பாலசிங்கத்தார் தன்னுடைய மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கேட்டிருக்கிறது. எல்லாம் கேட்டிருக்கிறது. அந்தத் தலையாட்டலுக்கும் அந்தப் பிடிக்கும் என்ன அர்த்தம் என்று இனி யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கட்டில் நகம் பதிந்த இடங்களில் இரத்தம் கசிந்திருந்தது. ஒரு மன்னிப்புச் சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொல்வது? தவறு செய்ததற்கு ஒரு சொல் இருக்கிறது. இப்படி ஒன்றுக்கு எந்தச் சொல்? கடைசியில், நீங்கள் தனியவோ வந்தனீங்கள் என்று மட்டும் கேட்டார். ஓம் என்றா இராசமணி. இவ்வளவு சனத்துக்குள்ளை என்ன பயம் எண்டு வந்தனான் என்றா.

அதை அவ குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் அவரை உலுப்பிவிட்டது.

அம்புலன்ஸ் இராசமணியை ஏற்றிப் போனது. தேன் தடவாமல் இருந்திருந்தால் கொட்டில் மட்டும் வந்து சேர்ந்திருக்கமாட்டா என்று கஜாலினி சொன்னது பாலசிங்கத்தாரின் காதில் விழுந்தது. அதை எடுத்து நெஞ்சில் ஒட்டிக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. கிறேசம்மா கொட்டில் வாசலில் காலை நீட்டி இருந்துகொண்டு, நெடுந்தீவுப் படகு போட்டுது, இனி நாளைக்குத்தான், உங்கட வீட்டிலை ஒரு பாய் விரிக்க இடம் கிடக்கோ என்று கேட்டா. கிடக்கு, வாங்கோ என்று நிலாந்தினி சொன்னாள். கிறேசம்மா தன் தவிட்டு மூட்டையைத் தேடிப் போக, இவர்கள் இருவரும் பின்னால் நடந்தார்கள்.

இராசமணி விழுந்த இடத்துக்கு வந்தபோது பாலசிங்கத்தாரின் கால் நின்றுவிட்டது.

அந்த இடத்தில் வேப்பிலை பரப்பியிருந்தது. சுற்றிவரத் தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். நடுவே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சரிந்து கிடந்த தேன்போத்தலை நிமிர்த்தி, அதற்கும் பூ வைத்திருந்தது. படகுக்கான வரிசை பழையபடி நீண்டு கிடந்தது. அந்த இடத்தை மட்டும் மிதித்துவிடாமல், பெரிய வளைவாக விலகி நடந்தது. மனுசி கிடந்தபோது ஒரு முழம் விலகாத சனம் வெறும் சீமெந்துத் தரைக்கு அவ்வளவு இடம் விட்டிருந்தது.

அப்போதுதான் பஸ்ஸால் இறங்கி வந்து வரிசையில் சேர்ந்த ஒரு பெண், பாலசிங்கத்தார் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, விசயம் தெரியாத ஆளாக்கும் என்று நினைத்து விளக்கம் சொன்னா. இஞ்சைதானாம் அம்மாள் வந்து நிண்டவ. தேன் கேட்டு வாங்கிக் குடிச்சவவாம். ஒரு மனுசன்ர மகளுக்கு இந்த வருசமே கலியாணம் எண்டு கையைப் பிடிச்சு உத்தரவு குடுத்தவவாம். அதுக்குள்ளை ஆரோ ஒரு விசரன் வந்து அவவைத் தூக்கிக்கொண்டு ஓடிட்டானாம். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. குடுத்து வைச்ச பிள்ளை என்று முடித்தா.

போன உத்தரவு திரும்பி வந்து நின்றது. கேளாமல், விலை இல்லாமல், ஊரே சாட்சியாக. பாலசிங்கத்தார் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டியிருந்தால் போதும். நாளைக்கு இறுப்பிட்டி முழுக்க அதுதான் கதை. நிலாந்தினி பக்கத்தில்தான் நின்றாள். அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. எரிகிற கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பிள்ளை இவதான்" என்றார் பாலசிங்கத்தார். "விசரன் நான். அம்மாள் ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி. ஒரு மனுசி தன்ர பையைக் கேட்டவ. நாங்கள் குடுக்கேல்லை."

அந்தப் பெண் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தா. பிறகு, இப்படியான ஆட்களும் துறையில் நிற்கத்தான் செய்வார்கள் என்பது போல ஒரு எட்டு விலகி, கற்பூரச் சுவாலையை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வளைவைச் சுற்றி நடந்தா.

பாலசிங்கத்தார் மகள் போட்டுவிட்டு ஓடிய அர்ச்சனைக் கூடையைத் தேடி எடுத்து வந்து அவளிடம் கொடுத்தார்.

"லண்டனுக்கு வேண்டாமெண்டு நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?" என்றாள் நிலாந்தினி.

"நான் சொல்லுறன்" என்றார். "ஓமெண்டு சொன்னது நான்தானே."